குருவி தலையில் பனங்காய்

ஏப்ரல் மாதம் வந்தால் ஈரி ஏரியின் தென்கரையில், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் படகுத்துறைகளில், படகுகளுக்குப் போர்வை உரிக்கும் வேலை தொடங்கிவிடும். குளிர்காலம் முழுக்க வெள்ளை பிளாஸ்டிக் தாளில் பொட்டலமாகச் சுற்றிக் கரையேற்றி வைத்திருந்தவை அவை. கத்தி ஒரு கோடு கிழித்துக்கொண்டு போக, உள்ளேயிருந்து பூஞ்சை வாசனையும் பழைய பெட்ரோல் வாசனையும் கலந்து வெளியே வரும். அந்த வரிசையில் எங்காவது ஒரு முப்பதடி கேபின் குரூசர் விற்பனைக்கு நிற்கும். உள்ளே மரவேலை பளபளக்கும், மெத்தைகூடக் கிழிந்திருக்காது. ஆனால் அதே கம்பெனி, அதே ஆண்டு, அதே நீளத்தில் பக்கத்தில் நிற்கும் படகைவிட இதன் விலை கணிசமாகக் குறைவு. ஏன் என்று கேட்டால் தரகர் குரலைச் சற்றே தாழ்த்துவார்: "எஞ்சின் கொஞ்சம் சின்னதுங்க. மத்தபடி தங்கமான படகு."

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேபின் குரூசர் என்பது ஒரு சின்னக் குடித்தனத்தையே தூக்கிக்கொண்டு போகும் விசைப்படகு. படுக்க இடம், சமைக்க ஒரு மூலை, கழிவறை, குளிக்க ஷவர், சாப்பிட மடக்கு மேசை என எல்லாம் இருபத்தைந்து முதல் நாற்பது அடிக்குள் அடங்கிவிடும். வெள்ளிக்கிழமை மாலை ஏறினால் ஞாயிறு மாலை இறங்கும் குடும்பங்களுக்காகப் பிறந்தது. வீடாகவும் இருக்கவேண்டும், வாகனமாகவும் இருக்கவேண்டும். வீடு என்றால் கனம் சேரும். வாகனம் என்றால் வேகம் கேட்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது எஞ்சின்.

கம்பெனிக்காரர்கள் தெரிந்தே சின்ன எஞ்சின் போடுவார்களா? போடுவார்கள். இந்தப் படகுகள் புதிதாக விற்ற காலத்தில், ஒரே அச்சில் வார்த்த படகு விலைப்பட்டியலில் மூன்று நான்கு எஞ்சின்களோடு வரும். அடிமட்ட விலைக்கு 4.3 லிட்டர் வி6 இரண்டு, கூடுதல் பணத்துக்கு 5.7 லிட்டர் வி8 இரண்டு, இன்னும் கொடுத்தால் 7.4 லிட்டர். இவை பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸின் கார், லாரி எஞ்சின்களைத் தண்ணீருக்கு ஏற்றபடி மாற்றியவைதாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சாகும் 'தொடக்க விலை' அந்த அடிமட்ட எஞ்சினுக்கானது. கண்காட்சியில் அந்த விலையைப் பார்த்து மயங்கியவர் வாங்கினார். இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்து அது கைமாறி வருகிறது. சட்டமும் இதில் தலையிடுவதில்லை. அமெரிக்காவில் இருபது அடிக்கும் குறைவான படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை, வெளியே மாட்டும் எஞ்சின் என்றால் அதிகபட்சம் எவ்வளவு குதிரைத்திறன் என்று ஒரு தகடு அடித்திருக்க வேண்டும். பெரிய படகுக்கு அந்தத் தகடு கட்டாயமில்லை. 'இதற்குக் குறைந்த எஞ்சின் போடாதே' என்று சொல்லும் தகடு எந்தப் படகிலும் கிடையாது.

சின்ன எஞ்சினால் என்ன கெட்டுப்போகும்? கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதானே? காருக்கு இந்தப் பதில் சரி. படகுக்கு ஒத்துவராது. காரணத்தைக் கண்டுபிடித்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1860-களில் 'அன்னம்', 'அண்டங்காக்கை' என்று பொருள்படும் பெயர்களில் இரண்டு வடிவ மாதிரிகள் செய்து, மூன்றடி, ஆறடி, பன்னிரண்டடி என மூன்று அளவில் தண்ணீரில் இழுத்துப் பார்த்தார். பிறகு பிரிட்டிஷ் கடற்படை பணம் கொடுக்க, டார்க்கி நகரில் தம் வீட்டருகிலேயே ஒரு நீண்ட தண்ணீர்த் தொட்டி கட்டி 1870-களில் ஆய்வைத் தொடர்ந்தார். கப்பலை இழுத்துப் பிடிப்பது தண்ணீரின் உராய்வு மட்டுமில்லை, அது தானே எழுப்பும் அலையும்தான் என்பதை அந்தத் தொட்டியில் அளந்து காட்டினார்.

படகு நகரும்போது மூக்கில் ஓர் அலை எழும்பும். வேகம் கூடக் கூட அந்த அலை நீளும். ஒரு கட்டத்தில் அலையின் ஒரு முகடு மூக்கிலும் அடுத்த முகடு சரியாகப் பின்புறத்திலும் வந்து நிற்கும். படகு இரண்டு முகடுகளுக்கு நடுவே தொட்டிலில் கிடப்பதுபோல் கிடக்கும். அந்த வேகத்துக்கு எளிய கணக்கு உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் விடை வரும். முப்பதடிப் படகு நீர்மட்டத்தில் 26 அடி இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 6.8 நாட், அதாவது மணிக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர் சொச்சம். சைக்கிள் வேகம்.

இதற்கு மேல் போனால் அலை படகைவிட நீளமாகிவிடும். பின்புறம் பள்ளத்தில் இறங்கும், மூக்கு மேலே தூக்கும், படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற முயலும். அது எவ்வளவு ஏறினாலும் அலையும் கூடவே வருவதால் உச்சி வராது. பாரமேற்றிய லாரி மலைப்பாதையில் இரண்டாம் கியரில் முனகுவதுபோல் எஞ்சின் முனகும். போதுமான சக்தி இருந்தால் ஒரு கட்டத்தில் படகு அந்த மேட்டைத் தாண்டி, மூக்கைத் தாழ்த்தி, தண்ணீரைப் பிளப்பதை விட்டு அதன் மேல் சறுக்க ஆரம்பிக்கும். தட்டைக் கல்லைக் குளத்தில் வீசினால் தத்திப் போகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. இந்த வகைப் படகுகள் சுமார் பதினான்கு, பதினாறு நாட்டில் நிம்மதியாகச் சறுக்கும்.

ஆக, இந்தப் படகுக்கு நல்ல வேகம் இரண்டு: ஆறரை நாட், அல்லது பதினாறுக்கு மேல். நடுவில் இருப்பது முழுக்க மேடு. எஞ்சின் சின்னது என்றால் வேகம் கொஞ்சம் குறையும் என்று அர்த்தமில்லை. படகு அந்த மேட்டிலேயே மாட்டிக்கொள்ளும் என்று அர்த்தம்.

மேட்டைத் தாண்ட எவ்வளவு வேண்டும்? படகு வடிவமைப்பாளர்களின் கைக்கணக்கு, குதிரைத்திறன் ஒன்றுக்கு நாற்பது பவுண்டுக்கு மேல் சுமை ஏறக்கூடாது என்பது. இருபத்தைந்து பவுண்டு என்றால் சுகம். உச்ச வேகத்தை மதிப்பிட இன்னொரு சூத்திரம் உண்டு. அதைத் தந்த ஜார்ஜ் கிரௌச் கப்பல் வடிவமைப்புப் பேராசிரியர். ஹிஸ்பானோ-சுயிசா விமான எஞ்சின் பூட்டி 1924, 1925 ஆண்டுகளில் தங்கக்கோப்பைப் பந்தயத்தை வென்ற 'பேபி பூட்லெக்கர்' அவர் வரைந்த படகுதான். அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலம் அது, பெயருக்குப் பொருளோ குட்டிச் சாராயக் கடத்தல்காரன்! எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, சாதாரண குரூசருக்கு 150 என்ற எண்ணை அதனால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்பது கிடைக்கும்.

நம் முப்பதடிப் படகுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். விளம்பரத் தாளில் எடை 11,000 பவுண்டு, அதாவது ஐந்து டன். எஞ்சின் இரண்டும் தலா 170, மொத்தம் 340 குதிரைத்திறன். ஒரு குதிரைக்கு 32 பவுண்டு. பரவாயில்லை, மைலை நாட்டாக மாற்றினால் 23 நாட் போகும் என்கிறது சூத்திரம். ஆனால் விளம்பரத் தாளின் எடை வெறும் வயிற்று எடை. 200 காலன் பெட்ரோல் நிரப்பினால் 1,220 பவுண்டு. குடிநீர் 40 காலன், 330 பவுண்டு. ஆறு பேர் ஏறினால் ஆயிரம். பிறகு ஜெனரேட்டர், பேட்டரிகள், நங்கூரமும் சங்கிலியும், பின்னால் தொங்கும் ரப்பர் படகு, ஏசி, மூன்று முதலாளிகள் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்கள். எல்லாம் சேர்ந்து 14,500 பவுண்டைத் தொட்டுவிடும். இப்போது ஒரு குதிரைக்கு 42 பவுண்டுக்கு மேல். கோடு தாண்டியாயிற்று. முழு முடுக்கில் 20 நாட்தான் கிடைக்கும், அதுவும் எஞ்சின் புதிதாக இருந்து, அடிப்பாகமும் சுத்தமாக இருந்தால்.

முழு முடுக்கில் யாரும் நாள் முழுக்க ஓட்ட முடியாது. பதினாறு நாட்டில் போக இந்தப் படகுக்கு ஏறத்தாழ 218 குதிரைத்திறன் தேவைப்படும். 340-இல் அது 64 சதவீதம். பக்கத்தில் நிற்கும் படகில் 5.7 லிட்டர் எஞ்சின் இரண்டு, மொத்தம் 520 குதிரை என்றால் அதே வேலை 42 சதவீதத்தில் முடிந்துவிடும். அது உலா போகிறது, இது மூட்டை சுமக்கிறது.

சுமக்கும் எஞ்சின் சீக்கிரம் மூப்படையும். சமதரை நெடுஞ்சாலையில் சீராக ஓடும் கார் தன் எஞ்சினின் சக்தியில் ஒரு சின்னப் பங்கைத்தான் கேட்கும். இறக்கம் வந்தால் அதுவும் வேண்டாம். படகுக்கு இறக்கமே கிடையாது. அதனால்தான் கரையில் நன்றாக உழைக்கும் அதே எஞ்சின், தண்ணீரில் 1,500 மணி நேரம் ஓடினாலே பெரிய பழுது பார்க்கும் நிலைக்கு வந்துவிடும் என்று படகுத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். டீசல் எஞ்சின் என்றால் இதைப்போல மூன்று மடங்கு தாங்கும். எப்போதும் அதிக முடுக்கிலேயே கிடக்கும் சின்ன பெட்ரோல் எஞ்சின் அந்த 1,500-ஐக்கூடப் பார்க்காமல் போகலாம்.

சின்ன எஞ்சின் பெட்ரோலையாவது மிச்சப்படுத்தும் என்ற நம்பிக்கையும் பலருக்கு உண்டு. பெட்ரோல் படகு எஞ்சின், பத்து குதிரைத்திறனுக்கு மணிக்கு ஒரு காலன் என்ற கணக்கில் குடிக்கும். தண்ணீர் 218 குதிரை கேட்டால் 218 குதிரைக்கான பெட்ரோல் எரிந்தே தீரும், எஞ்சின் சின்னதோ பெரிதோ. மேட்டிலேயே மாட்டிக்கொண்டு பதினொரு நாட்டில் இழுத்துக்கொண்டு போனால் அதைவிட மோசம்: செலவு சறுக்கும் படகுக்கு, வேகம் தவழும் படகுக்கு.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு குறுக்குக் கேள்வி. எஞ்சின் உண்மையிலேயே சின்னதா? வேறெங்கோ இருக்கும் கோளாறுக்கு அதன் மேல் பழி போடுகிறார்களா?

இதற்கு விடை தெரிய, படகைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கவேண்டும். விவரம் தெரிந்தவர்கள் போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்ப்பார்கள். சூடாக இருந்தால் வாங்குபவர் வருமுன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள்; காலைக் குளிரில் அது எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகைக்கிறது என்பதை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். பிறகு எஞ்சின் அறையின் காற்றுவிசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிட வேண்டும். அடியில் தேங்கிய பெட்ரோல் ஆவி வெளியேறாமல் சாவியைத் திருப்பினால், படகு வாங்குவது பற்றிய கவலையே இல்லாமல் போய்விடும்.

தொட்டிகள் நிறைந்திருக்க வேண்டும். கால் தொட்டி பெட்ரோலும் காலித் தண்ணீர்த் தொட்டியும் இரண்டே ஆளுமாக ஓட்டிக் காட்டினால் எந்தச் சோதாப் படகும் மேடு தாண்டிவிடும். பெட்ரோலுக்கு வாங்குபவர் தம் பையிலிருந்து கொடுத்தாலும் நஷ்டமில்லை.

திறந்த நீருக்கு வந்ததும் ஒரு முள்ளையும் ஒரு கடிகாரத்தையும் பார்த்தால் போதும். முடுக்கியை முழுக்கத் தள்ளுகிறார்கள். மூக்கு எழுகிறது. எதிரே தொடுவானம் மறைந்து கேபின் கூரை மட்டும் தெரிகிறது. ஐந்து விநாடி, பத்து, பதினைந்து. பின்னால் வெள்ளை நுரை மலைபோல் குவிகிறது. நல்ல படகு என்றால் இதற்குள் மூக்கு இறங்கி ஏரி மீண்டும் கண்ணில் பட்டிருக்கும். இறங்கவில்லை என்றால் அடுத்துப் பார்க்கவேண்டியது எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் முழு முடுக்கில் எட்டவேண்டிய சுற்று வரம்பு ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 4,400-லிருந்து 4,800 என்று வைத்துக்கொள்வோம். முள் 3,900-லேயே நின்றுவிட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. புரொப்பல்லரின் புரி அளவு பெரிதாக இருக்கலாம். புரி அளவு என்பது, மரத்தில் திருகாணி இறங்குவதுபோல் அந்த விசிறி ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேறவேண்டும் என்பதைக் குறிக்கும். அதை ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று 150 முதல் 200 வரை கூடும். பழைய முதலாளி யாரோ வேகத்துக்கு ஆசைப்பட்டுப் பெரிய புரி மாட்டியிருப்பார், எஞ்சின் கெட்டபெயர் வாங்கியிருக்கும். புரொப்பல்லரை மாற்ற ஆகும் செலவு எஞ்சின் மாற்றுவதில் ஒரு துளி. விற்பவருக்கே இது தெரியாமல் இருந்தால் வாங்குபவருக்கு அதிர்ஷ்டம்.

முள் 4,700-ஐத் தொட்டும் படகு மேட்டிலேயே நிற்கிறதா? அப்படியானால் எஞ்சின் தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டது. குருவி தலையில் பனங்காய்தான்.

முள் எட்டாததற்குப் புரொப்பல்லர் தவிர வேறு காரணங்களும் உண்டு. அடிப்பாகத்தில் பாசி படிந்தாலே வேகம் விழும். 1988-இல் செயின்ட் கிளேர் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டு ஈரி வரை பரவிய வரிக்குதிரைச் சிப்பிகள் அடிப்பாகத்தில் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்வதோடு, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் ஏறும் துளையையும் அடைத்துவிடும். இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. ஃபைபர் கண்ணாடி உடலுக்குள் இருக்கும் பால்சா மரத்திலும் நுரையிலும் தண்ணீர் ஊறிப்போய், படகு சத்தமில்லாமல் எடை கூடியிருக்கும். தேர்ந்த படகுப் பரிசோதகர் சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே வருவார். நல்ல இடத்தில் 'டிக்' என்று கேட்கும். ஊறிய இடத்தில் பழுத்த பலாவைத் தட்டியதுபோல் 'தொப்'. அங்கே சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டு மேலே போவார்.

எஞ்சின் சின்னதுதான் என்று உறுதியாகிவிட்டால், பெரியதாக மாற்றிக்கொள்ளலாம் என்று மனம் கணக்குப் போடும். இங்கே பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். எஞ்சின் விலை மட்டும் என்றால் பரவாயில்லை. எஞ்சின் உட்காரும் கட்டைகளை மாற்றவேண்டும். கனமான எஞ்சின் வந்தால் படகு பின்புறம் அமிழும். புகைக்குழாய், பெட்ரோல் குழாய், முள்கள், கம்பிகள் எல்லாம் புதிது. பின்பக்கம் வெளியே தொங்கும் டிரைவ் காலுக்கு ஒரு தாங்கும் வரம்பு உண்டு. சின்ன எஞ்சினுக்கு என்று வைத்த கால் பெரிய வி8-இன் முறுக்கில் பல்லுடைந்து போகும், ஆகவே அதையும் சேர்த்து மாற்றவேண்டும். எல்லாம் முடிந்து கூட்டிப் பார்த்தால் செலவு பழைய படகின் விலையையே தாண்டிப் போயிருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்தப் பணத்துக்குப் பக்கத்தில் நிற்கும் 520 குதிரைப் படகையே வாங்கியிருக்கலாம், வண்ணம் அடிக்கக் கொஞ்சம் மிச்சமும் இருந்திருக்கும்.

ஆழமான 'வி' வடிவ அடிப்பாகம் என்றால் நிலைமை இன்னும் கடினம். ரே ஹன்ட் என்ற படகு வடிவமைப்பாளர் வரைந்த அந்த வடிவம், 1960-ஆம் ஆண்டு மயாமி-நஸ்ஸாவ் பந்தயத்தில் கொந்தளிக்கும் கடலைக் கிழித்துக்கொண்டு போன 'மோப்பி' படகால் புகழ்பெற்றது. அலையில் மென்மையாக இறங்கும். அதற்கு விலை, தட்டை அடிப்பாகத்தைவிடக் கூடுதல் சக்தி. சின்ன எஞ்சினும் ஆழமான 'வி'யும் சேர்ந்த படகைப் பார்த்தால் பேரம் பேசாமலே திரும்பிவிடுவது நல்லது.

அப்படியானால் சின்ன எஞ்சின் படகை யாருமே வாங்கக்கூடாதா? வாங்கலாம், அவசரமில்லாதவர்கள். ஆறரை நாட்டுக்கு இந்தப் படகு சுமார் 35 குதிரைத்திறன்தான் கேட்கும். பதினாறு நாட்டுக்கு 218. மணிக்கு இருபது காலனுக்கு மேல் குடித்த படகு நான்கு காலனுக்குள் அடங்கிவிடும். ஈரிக் கரையிலுள்ள சன்டஸ்கி நகரிலிருந்து ஏரிக்குள் இருக்கும் கெல்லீஸ் தீவு பத்து கடல் மைல் என்று வைத்துக்கொண்டால் நாற்பது நிமிடத்துக்குப் பதில் ஒன்றரை மணி நேரம் ஆகும். காபி போட்டுக் குடித்து, பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் சீட்டு ஆடி முடிக்கச் சரியாக இருக்கும். பணி ஓய்வு பெற்ற தம்பதிகள் பலர் இப்படித்தான் போகிறார்கள். இவர்களுக்கு 340 குதிரையே அதிகம்.

இந்தச் சமாதானத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, அது ஈரி ஏரியின் வடிவத்திலேயே இருக்கிறது. ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது இது. சராசரி 19 மீட்டர்தான், மேற்குக் கோடியில் அதில் பாதிகூட இல்லை. ஆழமில்லாத நீரில் காற்று அடித்தால் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து எழும். கோடைப் பிற்பகலில் மேற்கே கருமேகம் திரண்டால், பதினாறு நாட்டில் ஓடுபவர் துறைக்குள் போய்க் கயிறு கட்டிவிடுவார். ஆறரை நாட் படகு நடு ஏரியில் இருக்கும். அலை பின்னாலிருந்து துரத்தி வரும்போது அதைவிட வேகமாக ஓட முடியாத படகின் பின்புறத்தை அலை தூக்கிப் பக்கவாட்டில் திருப்பப் பார்க்கும். சுக்கான் சொல்பேச்சு கேட்காது. மெதுவாகப் போவது என்று முடிவெடுத்தவர் வானிலை அறிக்கையை வேகமாகப் போகிறவரைவிட இரண்டு மடங்கு கவனமாகக் கேட்கவேண்டியிருக்கும், சில சனிக்கிழமைகளில் துறையிலேயே மீன் வறுத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவேண்டியிருக்கும். அது முடியாதவர், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் இருக்கவேண்டியவர், இந்தப் படகை வாங்கினால் முதல் கோடையிலேயே விற்கப் பார்ப்பார். தரகரிடம் வந்திருப்பதும் பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

பேரம் முடிவதற்கு முன் ஒரு காரியம் மிச்சமிருக்கும். ஓட்டிப் பார்த்து முடித்ததும் அடிப்பாகத்தைச் சோதிக்கப் படகைக் கரைக்குத் தூக்குவார்கள். நான்கு சக்கரத்தில் நிற்கும் பெரிய இரும்புச் சட்டம் துறையின் மேல் உருண்டு வந்து, இரண்டு அகலப் பட்டைகளைப் படகின் அடியில் கொடுத்துத் தூக்கும். இப்படிப்பட்ட தூக்கிகள் பலவற்றில் எடைகாட்டியும் இருக்கும். பட்டைகள் முனகும், படகு தண்ணீரை விட்டு எழுந்து, பக்கமெல்லாம் சொட்டச் சொட்டத் தொங்கும். தூக்கி ஓட்டுபவரிடம் எவ்வளவு என்று சும்மா கேட்டால் போதும், அவருக்கு யார் பக்கமும் பேசவேண்டிய அவசியம் இல்லை. 'பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரம்' என்று அவர் வாசித்தால், விளம்பரத் தாளில் 11,000 என்று எழுதிய படகு இது, குதிரை ஒன்றுக்கு ஏறக்குறைய 47 பவுண்டு. தரகர் அப்போது ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.